ஹாண்டில் மாற்றுவதற்கு முன் மணிக்கட்டைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வீடு வவுனியாவில், வேலை முல்லைத்தீவில். புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாகப் போய் வருகிறீர்கள். லீவு கிடைத்தால் பூநகரி, மன்னார் என்று இன்னும் தூரம் ஓடுகிறீர்கள். வண்டி 150 சிசி மோட்டார் சைக்கிள், பின்னால் பெட்டி பூட்டியது. ஒரு மணித்தியாலம் ஓடியதும் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன, தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது. உதிரிப்பாகக் கடையில், உயர்ந்த ஹாண்டில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை வாங்குவது, நீங்களே பூட்டலாமா?

கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. தோள் வலிக்கு உயரம் உதவலாம். விரல் விறைப்பதற்கு உயரத்தைவிட ஹாண்டிலின் வளைவுதான் பெரும்பாலும் காரணம். நம்மவர்கள் ஹாண்டில் வாங்கும்போது உயரத்தையும் பளபளப்பையும் பார்க்கிறார்கள், பிடிக்கிற இடம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

எந்த விரல் விறைக்கிறது என்பதே முதல் தடயம். சின்னவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, முழங்கையின் உட்புறமாக வந்து உள்ளங்கையின் அடியில் வெளி ஓரத்தால் இறங்குகிறது. உடம்பின் பாரம் அந்த ஓரத்தில் அழுந்தினால் அந்த இரண்டு விரல்களும் விறைக்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது மணிக்கட்டின் நடுவால் போகும் வேறு நரம்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடி நெடுநேரம் இருந்தால் அது நெரிபடும். அதற்குப் பெரும்பாலும் பிரேக், கிளட்ச் லிவர்கள் அளவுக்கு மிஞ்சி மேலே நிற்பதே காரணம். உங்களுக்கு முதலாவது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விறைப்பு நீங்காமல் இருந்தால், ஹாண்டில் கடைக்குப் போவதற்கு முன் வைத்தியரிடம் போங்கள்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்து பாருங்கள். ஹாண்டிலைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களையும் சற்றுத் தளர்த்தி, ஹாண்டிலைச் சில பாகை உங்கள் பக்கம் உருட்டிப் பாருங்கள். பிறகு லிவர்களைச் சரிசெய்யுங்கள்: வழக்கம்போல ஆசனத்தில் இருந்து, விரல்களை நீட்டி லிவரின் மேல் வைக்கும்போது முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். கிளட்ச் கேபிள் காய்ந்திருந்தால் அதற்கு ஒயில் விடுங்கள். இறுகிய கிளட்சை வவுனியா நகர நெரிசலில் பிடித்துப் பிடித்து வலிக்கும் முன்கைக்கு ஹாண்டில் என்ன செய்யும்? ஆசனத்தையும் பாருங்கள். பஞ்சு இறங்கி முன்பக்கம் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பெற்றோல் தாங்கியை நோக்கி வழுக்குவீர்கள், அதைத் தடுப்பது உங்கள் உள்ளங்கைகள்தான். அப்படியானால் திருத்த வேண்டியது ஆசனம். நம் வன்னியில் வெயிலில் நிறுத்திய வண்டிகளின் ஆசனங்கள் விரைவாகவே நைந்து போகின்றன, இதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்வளவும் செய்தும் தீரவில்லை என்றால் ஹாண்டிலுக்கு வருவோம். இரண்டு பென்சில்களை எடுத்து இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பொத்திப் பிடியுங்கள். வண்டியில் இருந்து, கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு, முழங்கைகள் சற்று மடிந்திருக்க, கைகளை வசதியான உயரத்துக்கு நீட்டுங்கள். இப்போது ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பென்சில்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இரா. வெளி நுனிகள் உங்கள் பக்கம் பின்வாங்கியும் சற்றுக் கீழே தாழ்ந்தும் இருக்கும். உங்கள் உடம்பு கேட்கும் வளைவு அதுதான். உங்களுடைய இப்போதைய ஹாண்டில் ஏறக்குறைய நேர் குழாய் என்றால், கை அந்தக் குழாய்க்கு ஏற்பத் திருகி நிற்கிறது, பாரம் உள்ளங்கையின் வெளி ஓரத்துக்குப் போகிறது. இன்னும் உயர்ந்த நேர் குழாயைப் போட்டாலும் அந்தத் திருகல் போகாது. கடையில் ஹாண்டிலை வாங்கும்போது பிடியின் நுனி எவ்வளவு பின்னால் வருகிறது என்று பார்த்து, படத்தில் உள்ள பென்சில்களோடு ஒப்பிடுங்கள்.

உயரம் எவ்வளவு? பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் போகிறவர்கள் வேறொரு வலியை விலை கொடுத்து வாங்குகிறார்கள். முற்றிலும் நிமிர்ந்து இருந்தால் குழியில் விழும் அடி நேராக முள்ளந்தண்டின் அடியில் இறங்கும். இடுப்பிலிருந்து சற்று முன்சாய்ந்திருந்தால் உடம்பு வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். காற்றும் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் ஏ-32 வீதியில் மன்னார்ப் பக்கம் போய்ப் பாருங்கள், அல்லது சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறுங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறவர் பாய்மரம்போலக் காற்றைப் பிடிப்பார், பின்னால் சாயாமலிருக்க ஹாண்டிலை இறுகப் பற்றுவார், வலி தோளுக்கே திரும்பி வரும். பக்கக் காற்று தள்ளும்போது இறுகப் பற்றிய கை வண்டியையும் ஆட்டும். தோளுக்கு மேலே கை போகும் ஹாண்டிலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது படம் பிடிக்கத்தான் நல்லது.

அகலமும் முக்கியம். அகலமான ஹாண்டில் கிரவல் வீதியில் நல்ல நெம்பு தரும், மணலில் முன்சில்லு ஓடிப்போகும்போது திருப்பிக் கொண்டுவர உதவும். முத்தையன்கட்டு, இரணைமடுப் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் வயலோரப் பாதைகளிலும் ஓடுகிறவர்கள் அதை விரும்புவார்கள். ஆனால் ஏ-9 வீதியில் பஸ் உரசிக்கொண்டு முந்தும்போது இரண்டு பக்கமும் கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் விரல்கள். இப்போது உள்ளதைவிட இரண்டு பக்கமும் சேர்த்து 4 சென்ரிமீற்றருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அகலமாக இருந்தால் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே முதலில் பூட்டிச் சில நாள் ஓடிய பிறகே வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

கடைக்குப் போகும்போது வேர்ணியர் அளவுகோல் ஒன்றைக் கொண்டு போங்கள். கிரிப் (கை பிடிக்கும் ரப்பர் உறை) பூட்டும் இடத்தின் விட்டம் சாதாரண மோட்டார் சைக்கிள்களில் 22 மில்லிமீற்றர். ஆனால் நடுவில், ஹாண்டிலை வண்டியோடு பிடித்திருக்கும் கிளாம்ப் உட்காரும் இடம் 22 ஆகவும் இருக்கலாம், 28.6 ஆகவும் இருக்கலாம். சில குரூசர் வகைகளில் 25.4. நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் அலுமினிய ஹாண்டில்கள் 28.6 வகை. அவற்றுக்கு உங்கள் பழைய கிளாம்ப் பொருந்தாது. தகரம் சுற்றி 22ஐ 25 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு கிளாம்ப்களுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து வையுங்கள். ஹாண்டிலின் நடு நேர்ப்பகுதி அதைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப் வளைவில் உட்காரும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பான வரிகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால், குழியில் விழும்போது ஹாண்டில் சுழன்று கீழே இறங்கும்.

இரும்பா அலுமினியமா என்று கேட்டால், உங்கள் பயணத்துக்கு நல்ல இரும்புக் குழாயே போதும். விழுந்தால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் பாரம் குறைவு, துருப்பிடிக்காது. முல்லைத்தீவுக் கடற்காற்றில் நிறுத்தும் வண்டிக்கு அது ஒரு நன்மைதான். ஆனால் வளைந்த அலுமினியத்தை நிமிர்த்திப் பாவிக்கக் கூடாது, மாற்றவே வேண்டும். அலுமினியக் குழாயின் சுவர் தடிப்பானது. அதனால் உட்துளை சிறியதாக இருக்கும், பழைய ஹாண்டிலின் நுனிகளில் இருந்த பாரக்கட்டிகள் உள்ளே போகாது. அந்தக் கட்டிகள் அழகுக்கு வைத்தவை அல்ல. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்குவதே அவற்றின் வேலை. அவற்றை விட்டுவிட்டு ஓடினால், ஏ-9 வேகத்தில் கை விறைப்பது முன்பைவிட மோசமாகலாம். புதிய ஹாண்டிலோடு அதற்குப் பொருந்தும் கட்டிகளையும் சேர்த்தே வாங்குங்கள்.

பழைய ஹாண்டிலின் வளைவு உங்கள் பென்சில்களோடு ஒத்துப்போய், குறை உயரத்தில் மட்டும் என்றால் ஹாண்டிலை மாற்றவே தேவையில்லை. கிளாம்ப்புக்கு அடியில் ரைசர், அதாவது ஹாண்டிலை உயர்த்தும் கட்டை, போட்டால் போதும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். முன் ஷொக் நேராக நிற்பதில்லை, சுமார் 26 பாகை பின்சாய்ந்து நிற்கிறது. ரைசரும் அந்தச் சாய்விலேயே ஏறும். 30 மில்லிமீற்றர் ரைசர் போட்டால் ஹாண்டில் 27 மில்லிமீற்றர் மேலே போகும், கூடவே 13 மில்லிமீற்றர் உங்கள் பக்கமும் வரும். எட்டிப் பிடிப்பதால் வரும் தோள் வலிக்கு அந்த 13தான் உண்மையான மருந்து.

நம்மிடம் ரைசரை லேத்தில் கடைந்து கொடுக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். முழு அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். போல்ட்டை மட்டும் பாருங்கள். உயரம் கூடும் அளவுக்கு நீளமான, உறுதித் தரம் பொறித்த போல்ட் வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மில்லிமீற்றராவது புரியேற வேண்டும். பழைய ஹாண்டிலை வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டிங் பிடிப்பது வேறு கதை. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறிவிடும். அதிர்வில் மெல்லிய வெடிப்பு பெயின்ட்டுக்கு அடியில் வளரும், முறியும்போது முன்னறிவிப்பு இராது. பல்சர் 220 போல, குழாய் ஹாண்டில் இல்லாமல் இரண்டு தனிக் கைகள் ஷொக்கைப் பிடித்திருக்கும் வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை. ஷொக் இரண்டையும் மேலே பிடித்திருக்கும் தட்டில் துளை போட்டுக் கிளாம்ப் பூட்டுவது ஆபத்து. அந்த வண்டிக்கென்றே செய்த தட்டும் கிளாம்ப்பும் கிடைத்தால் பூட்டுங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள்.

இனிப் பூட்டும் வேலை. ஸ்பானரும் அலன் சாவியும் பிடிக்கத் தெரிந்தவர் என்றால், பிரேக் ஹோஸ் மாற்றாதவரை நீங்களே செய்யலாம். முதலில் பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு பழைய சாரத்தை நான்காக மடித்து விரியுங்கள். கேபிள்கள், வயர்கள் எந்த வழியால் போகின்றன என்று கைத்தொலைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கண்ணாடிகளையும் நுனிக் கட்டிகளையும் கழற்றுங்கள். நுனித் திருகாணிகள் பசை போட்டு இறுக்கியவை, பொருத்தமில்லாத திருப்புளியால் கழற்றினால் தலை தேய்ந்துவிடும். இடப்பக்கக் கிரிப்பை இழுக்காதீர்கள். மெல்லிய திருப்புளியால் ஓரத்தைச் சற்று நெம்பி, சவர்க்காரத் தண்ணீரை உள்ளே விட்டு முறுக்குங்கள், தானாக வழுக்கி வரும். ஒயில் விடாதீர்கள். விட்டால், திரும்பப் பூட்டிய பிறகு கிரிப் கையோடு சுழலும்.

வலப்பக்கம் பிரேக் ஒயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றும்போது மூடி மேலே பார்த்தபடி, நிமிர்ந்த நிலையிலேயே ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது, கவிழக் கூடாது. கவிழ்ந்தால் காற்றுப் புகும். பிரேக் ஒயில் சிந்தினால் பெயின்ட்டை அரிக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சுவிட்ச் பெட்டிகளுக்குள் ஒரு சிறு முள் இருக்கும். பழைய ஹாண்டிலில் அது உட்காரும் துளை இருக்கும், புதியதில் பெரும்பாலும் இராது. முள்ளை அரத்தால் தேய்த்துவிடுவது நம் கராஜ்களின் குறுக்குவழி. இடப்பக்கத்தில் அது எப்படியோ போகட்டும், அக்சிலேட்டர் பக்கத்தில் செய்யாதீர்கள். அந்தப் பெட்டி சுழன்றால் கேபிள் இழுபடும். ஹாண்டிலை முதலில் தளர்வாகப் பூட்டி, வண்டியில் ஏறி இருந்து, மணிக்கட்டு நேராக வரும் நிலையில் குறி போட்டு, அந்தக் குறியில் அளவான துளை ஒன்று போடுங்கள். நுனிப் பக்கம் சிறு துளையால் பாதகமில்லை. வளைவிலோ கிளாம்ப்புக்குக் கிட்டவோ துளை கூடாது, அங்கேதான் அழுத்தம் கூட.

கிளாம்ப்பின் மேல் மூடியில் புள்ளியோ அம்புக்குறியோ இருந்தால் அது முன்பக்கம் பார்க்க வேண்டும். அப்படிக் குறியுள்ளவற்றில் பெரும்பாலும் முன் போல்ட்டை முதலில் முழுமையாக இறுக்கிவிட்டு, பிறகு பின்னதை இறுக்குவார்கள். இடைவெளி பின்னால் மட்டும் இருக்கும். அதைக் கண்டு பயந்து பின் போல்ட்டைத் திருகித் திருகி இடைவெளியை மூடப் பார்த்தால் மூடி வெடிக்கும். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீற்றர் என்பது பொதுவான அளவு, உங்கள் வண்டியின் கைநூலில் உள்ளதே இறுதி. வலக் கிரிப்பின் நுனிக்கும் பாரக்கட்டிக்கும் இடையே 1 அல்லது 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். உரசினால், கையை விட்டதும் அக்சிலேட்டர் திரும்பாது.

இப்போது இந்த வேலையின் உயிர்நாடி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில், ஹாண்டிலை இடப்பக்கம் முட்டும் வரையும் வலப்பக்கம் முட்டும் வரையும் மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஒரு துளியாவது ஏறினால் அக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அதோடு வீதியில் இறங்கினால், புளியங்குளம் சந்தியில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். பிறகு முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ஷொக் முழுவதும் நீண்ட நிலையில் மறுபடி திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸுக்கு மிக நீளம் தேவைப்படுவது அந்த நிலையில்தான். நிறுத்திய வண்டியில் தளர்வாகத் தெரிந்த ஹோஸ், குழியைத் தாண்டி முன்சில்லு இறங்கும்போது நரம்புபோல விறைக்கலாம். கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா ஆட்டம் இருக்கிறதா என்று இடம், வலம், நேர் ஆகிய மூன்று நிலைகளிலும் பாருங்கள். வயர்கள் எங்கும் நசிபடக் கூடாது. முட்டும்போது ஹாண்டிலோ சுவிட்சோ பெற்றோல் தாங்கியைத் தொடக் கூடாது, உங்கள் பெருவிரல் இடையில் அகப்படக் கூடாது.

கேபிள் சற்றே குட்டை என்றால், வேறு வழியால் கொண்டுபோனாலே பெரும்பாலும் 2 சென்ரிமீற்றர் மிச்சம் கிடைக்கும். முகப்பு விளக்கைச் சுற்றிப் போவதை நேராக விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் நீளமான கேபிள் வாங்குங்கள். ஹோஸ் குட்டை என்றால் இழுத்துச் சமாளிக்காதீர்கள். நீளமான ஹோஸ், இரண்டு முனைக்கும் புதிய செப்பு வளையங்கள், மூடியில் எழுதியிருக்கும் அதே வகைப் பிரேக் ஒயில், ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுதல் ஆகியவை எல்லாம் வேண்டும். இதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் கட்டாயம் விடுங்கள். உங்களுக்கு நான் 2 முதல் 3 சென்ரிமீற்றர் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அளவுக்குள் இருந்தால் பல வண்டிகளில் பழைய கேபிளும் ஹோஸும் அப்படியே போதும்.

முதல் ஓட்டத்தை ஓமந்தை வரை வைத்துக்கொள்ளுங்கள், முல்லைத்தீவுக்கு வேண்டாம். மெதுவாகப் போய், ஆளில்லாத இடத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், ஹாண்டில் கிளாம்ப்பில் சற்றும் அசையக் கூடாது. கண்ணாடிகளைப் புதிய உயரத்துக்குத் திருப்புங்கள். மாலையில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு விலகும்போது பின்னால் வரும் லொறி தெரிய வேண்டும். முதல் 100 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லாப் போல்ட்களையும் ஒரு தடவை இறுக்கம் பாருங்கள். காப்புறுதி முழு வகை என்றால், மாற்றத்தைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பழைய ஹாண்டிலையும் அதன் பாரக்கட்டிகளையும் எண்ணெய் தடவி வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.